அப்பாரு துப்பாக்கிக்கு இன்சூரன்ஸ்: உரிமப் புத்தகத்திலிருந்து க்ளெய்ம் வரை

எங்கள் அப்பாருவின் (அப்பாவின் அப்பா) ரெட்டைக்குழல் துப்பாக்கி தாராபுரம் பக்கம் தோட்டத்து வீட்டில், ஆசாரம் என்று நாங்கள் சொல்லும் கூடத்தை ஒட்டிய இருட்டறையில், ஒரு தேக்குப் பெட்டிக்குள் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தது. அப்பாவுக்கு 70 வயது தாண்டியதும் உரிமத்தை என் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து, ஒரு நாள் காலையில் பெட்டியைத் திறந்தோம். சுற்றியிருந்த கம்பளித் துணியை எடுத்தபோது துப்பாக்கியின் மரக்கட்டை அடியில் நாலு விரல் அகலத்துக்குக் கரையான் மண் அப்பியிருந்தது. அப்பா விரலால் தட்டினார். மண்ணோடு கட்டையும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "போன வருசம் பொட்டு வைக்கறப்போ நல்லா இருந்துதே கண்ணு" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. அது அவருடைய அப்பா தோளில் கிடந்த பொருள்.

வீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று அன்று சாயங்காலம் பாலிசியை எடுத்து வரி வரியாகப் படித்தேன். கரையான், துரு, தேய்மானம் மாதிரி மெல்ல மெல்ல வரும் சேதம் அதில் சேராது. துப்பாக்கி என்ற வார்த்தையே அந்த பாலிசியில் எங்கும் இல்லை. போதாக்குறைக்கு, பாலிசி இருந்தது திருப்பூர் வீட்டு முகவரிக்கு. துப்பாக்கி இருந்தது தோட்டத்தில். கரையானுக்குப் பதிலாகத் திருடனே வந்து தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் ஒரு ரூபாய் வந்திருக்காது.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான். உரிமப் புத்தகம், இன்சூரன்ஸ் பாலிசி, இரும்புப் பெட்டி, இந்த மூன்றும் ஒரே பேச்சு பேச வேண்டும். உரிமத்தில் இருக்கும் நம்பர்தான் பாலிசியில் இருக்க வேண்டும். பாலிசியில் இருக்கும் முகவரியில்தான் பெட்டி இருக்க வேண்டும். ஒன்று மாறிப் பேசினாலும் கஷ்டகாலத்தில் மற்ற இரண்டும் உதவாது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த மூன்றையும் ஒன்றாக்கும் வேலைதான்.

முதல் படி: கையில் இருப்பது என்ன என்று கணக்குப் பார்ப்பது

கொங்கு நாட்டில் பழைய பண்ணைய வீடுகளில் துப்பாக்கிகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தவை. ஒரு 12 போர் (போர் என்பது குழல் துளையின் அளவு) ரெட்டைக்குழல், ஒரு .32 ரிவால்வர், சுவரில் மாட்டிய, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி, இரண்டு வாள், ஒரு வெடிமருந்துக் கொம்பு என்று கிடக்கும். எல்லாம் ஒரே குவியலாகத் தெரிந்தாலும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்கு 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். முன்பு மூன்று இருந்தது. மூன்றாவது வைத்திருந்தவர்கள் ஒரு வருடத்துக்குள் அதைப் போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொன்னார்கள். பரம்பரைச் சொத்தாக வந்ததென்றாலும் இரண்டுதான். துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்களுக்குத் தனி விதி இருக்கிறது. அதே திருத்தம் உரிமக் காலத்தை 3 வருடத்திலிருந்து 5 வருடமாக ஆக்கியது. காலாவதி தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க எழுதிக் கொடுத்துவிடுங்கள். உரிமம் உயிரோடு இல்லாத துப்பாக்கிக்கு எந்தக் கம்பெனியும் பணம் தராது, கேட்கப் போனால் வழக்குதான் வரும்.

சுவரில் மாட்டியிருக்கும் பழையதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழங்காலத்து ஆயுதத்துக்குச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் அது பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத நிலையில் இருக்க வேண்டும். "குதிரை உடைஞ்சு கிடக்குதுங்க, அதுல சுட முடியாதுங்க" என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளக் கூடாது. ஒரு பட்டறைக்காரர் அரை நாளில் சரி செய்துவிடக்கூடியது என்றால் அதற்கு விலக்கு இல்லை. உரிமம் தரும் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதம் இருந்தால்தான் பாலிசியில் அதைப் பழம்பொருள் என்று சேர்க்க முடியும்.

உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வீட்டில் இருந்தால் இந்த வழிகாட்டியில் அதற்கு இடம் இல்லை. ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு, ஒப்படைக்கிற வழியைப் பாருங்கள்.

இரண்டாம் படி: ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாதகம்

ஒரு நோட்டு வாங்கி, துப்பாக்கி ஒன்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். செய்தவர் பெயர், போர், குழல் நீளம், வரிசை எண். வரிசை எண்ணை ஒரே இடத்தில் பார்த்து எழுதிவிடாதீர்கள். பழைய இங்கிலாந்து ரெட்டைக்குழலில் குழலின் அடியிலும், சுடும் பொறி இருக்கும் நடுப்பகுதியான ஆக்‌ஷனிலும், குழலுக்குக் கீழே கை பிடிக்கும் முன்கட்டையின் இரும்பிலும் தனித்தனியாக எண் வெட்டியிருக்கும். மூன்றும் ஒன்றாக இருந்தால் அது பிரிக்கப்படாத, அசல் துப்பாக்கி, விலை கூடும். எங்களுடையதில் குழலில் இருந்த கடைசி இலக்கம் உரிமப் புத்தகத்தில் வேறாக இருந்தது. எப்போதோ எழுதிய குமாஸ்தா 7-ஐ 1 என்று படித்துவிட்டார் போலிருக்கிறது. நாற்பது வருடமாக யாரும் பார்க்கவில்லை. அதைத் திருத்தி வாங்க எனக்கு நாலு மாதம் அலைச்சல். திருடு போன பிறகு அந்தப் பிழை தெரிய வந்திருந்தால், காணாமல் போனது எங்கள் துப்பாக்கிதான் என்று நிரூபிக்கவே முடிந்திருக்காது.

குழலை மடக்கிக் கழற்றினால் அடிப்பக்கத் தட்டையில் சின்னச் சின்ன முத்திரைகள் தெரியும். பர்மிங்காம் சோதனை நிலையம் 1813-இலிருந்து குழல்களை அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து முத்திரை வைத்துவருகிறது. அந்தக் கிரீட முத்திரைகளையும் படம் எடுங்கள். மதிப்புப் போடுபவருக்கு அவைதான் முக்கியம். இன்னொரு காரணமும் உண்டு: பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம்தான்; இன்றைக்குக் கடையில் கிடைக்கும் தோட்டா பெரும்பாலும் இரண்டேமுக்கால் அங்குலம். உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், சுடும்போது அழுத்தம் ஏறும். குழல் வெடித்தால் கை போகும். அந்தச் சேதத்தைக் கம்பெனிக்காரர்கள் இன்சூரன்ஸில் ஏற்பார்கள் என்று எண்ண வேண்டாம்.

படம் எடுப்பது பகல் வெளிச்சத்தில் இருக்கட்டும். இரண்டு பக்கமும் முழுதாக ஒன்று, எண்கள் நெருக்கத்தில், ஏற்கெனவே இருக்கும் கீறல், பள்ளம், கட்டையில் வெடிப்பு எல்லாம் ஒவ்வொன்று. வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள், குடும்பக் குழுவாக இருந்தாலும்கூட. உங்கள் வீட்டில் துப்பாக்கி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ அத்தனை ஆபத்து. நோட்டின் ஒரு நகல் வேறொரு வீட்டில் அல்லது பேங்க் லாக்கரில் இருக்கட்டும். பெட்டிக்குள்ளேயே வைத்தால் பெட்டியோடு அதுவும் போய்விடும்.

மதிப்பு: புதிதாக வாங்கியதற்கு பில் போதும். பரம்பரையாக வந்ததற்கு உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் கொண்டுபோய்க் காட்டி, லெட்டர்ஹெட்டில் மதிப்பு எழுதி வாங்குங்கள். தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வதற்கு 1980-களின் நடுவில் தடை வந்தது. அதனால் அதற்கு முன்பே நாட்டுக்குள் வந்துவிட்ட வெப்லி, கிரீனர் போன்ற பெயர்களுக்கு இங்கே விலை மேலே போய்விட்டது. அப்பாரு வாங்கிய விலையை வைத்து மதிப்புப் போட்டால் ஏமாந்துபோவோம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதிதாக எழுதி வாங்குங்கள்.

மூன்றாம் படி: பூட்டு

கம்பெனிக்காரர் முதலில் கேட்பது "எங்க வைக்கறீங்க?" என்றுதான். உரிமம் வாங்கும்போதே பத்திரமாக வைப்பேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், அதனால் இது சட்டத்துக்கும் சேர்த்துச் செய்யும் வேலை.

துணி பீரோ வேண்டாம். அதன் தகடு ஒரு கடப்பாரைக்குத் தாங்காது. சாதாரண நகை லாக்கரில் துப்பாக்கி நீளம் உட்காராது. 12 போர் முழு நீளம் சுமார் 45 அங்குலம் வரும். இரண்டு வழி உண்டு. நம் பக்கம் ஆள் இருக்கிறது, கோவை கணபதி, பீளமேடு பக்கம் இருக்கும் பட்டறைகளில் 50 அங்குல உள் உயரத்துக்குச் செய்து தருவார்கள். உடம்புக்கு 3 மில்லிமீட்டர் தகடு, கதவுக்கு 5 அல்லது 6, கீல் உள்பக்கமாக, பூட்டின் நாக்கு மூன்று பக்கம் போகிற மாதிரி கேளுங்கள். என்ன வைக்கப் போகிறீர்கள் என்று பட்டறையில் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது வழி செலவு குறைந்தது, எனக்குப் பிடித்தது. ரெட்டைக்குழலை முன்கட்டை, குழல், கட்டையோடு சேர்ந்த ஆக்‌ஷன் என்று மூன்றாகக் கழற்றிவிடலாம். அப்போது மிக நீளமானது 30 அங்குலக் குழல்தான். குழல் ஒரு பூட்டில், மற்றது இன்னொரு பூட்டில். திருடன் ஒன்றைத் தூக்கினாலும் அவன் கையில் இருப்பது ஒரு இரும்புக் குழாய்.

பெட்டியைத் தரையோடு போல்ட் போடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பழைய தோட்டத்து வீடுகளில் சுவர் மண்ணும் கல்லும்; அதில் ஆங்கர் போல்ட் அடித்தால் கையோடு வந்துவிடும். அறையின் மூலையில் ஒரு அடி ஆழத்துக்கு கான்கிரீட் போட்டு அதில் நாலு போல்ட் இறக்குங்கள். காலியான பெட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், போல்ட் இருந்தால் சத்தம் இல்லாமல் அது நடக்காது.

தோட்டா எப்போதும் வேறு அறையில், வேறு பூட்டில். உரிமத்தில் ஒரே நேரத்தில் எத்தனை வைக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று இருக்கும், அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. பழைய காகிதத் தோட்டா ஊதிப்போய் இருந்தால் கிணற்றில் போடாமல் கடையிலோ ஸ்டேஷனிலோ கேட்டு ஒப்படைத்துவிடுங்கள். தீப்பிடித்தால் வரும் தீயணைப்பு வண்டிக்காரரிடம் தோட்டா எந்த அறையில் இருக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

சாவி. நான் பார்த்த வீடுகளில் பாதியில் சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. திருடனுக்கும் அது தெரியும், ஏழு வயதுப் பேரனுக்கும் தெரியும். திருட்டு இன்சூரன்ஸ் பாலிசிகளில் வழக்கமாக ஒரு வரி உண்டு: பெட்டியை அதன் சாவியாலோ மாற்றுச் சாவியாலோ திறந்து எடுத்திருந்தால், அந்தச் சாவி அடித்தோ மிரட்டியோ பிடுங்கப்பட்டதாக இருந்தால் ஒழியப் பணம் கிடையாது. சாமி படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்த சாவி அந்த வரியில் விழுந்துவிடும். சாவி உரிமம் வைத்திருப்பவரின் இடுப்பிலோ, நம்பர் பூட்டுப் போட்ட சின்னப் பெட்டியிலோ இருக்கட்டும்.

நான்காம் படி: எந்த பாலிசியும் ஏற்காத எதிரிகள்

துருவையும் கரையானையும் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் இழந்தது இதில்தான்.

தாராபுரம், காங்கேயம் பக்கம் வறண்ட பூமி, துரு மெதுவாக வரும், கரையான் வேகமாக வரும். பொள்ளாச்சியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று ஈரத்தோடு வீசும். வால்பாறையில் இருக்கும் என் மச்சான் வீட்டில் மழைக்காலத்தில் தீப்பெட்டிகூட நமத்துப்போகும். அவர் பெட்டிக்குள் அரைக் கிலோ சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறியதும் அடுப்பில் சூடு காட்டி மறுபடி வைக்கிறார். மாதம் இரண்டு முறை. தாராபுரத்தில் எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும்.

தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அதைத்தான் போட்டார்கள். நாளாக நாளாக அது பிசினாக இறுகி, தூசியைப் பிடித்து, சுடும் பொறியை அடைத்துவிடும். துப்பாக்கிக்கான எண்ணெய் இல்லையென்றால் தையல் மெஷின் எண்ணெய்கூடத் தேவலை, மெல்லிசாக ஒரு துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். தோல் உறை, கேன்வாஸ் உறை எல்லாம் கொண்டுபோக மட்டும்தான். அதற்குள்ளேயே வைத்திருந்தால் ஈரம் உள்ளேயே தங்கும்.

அப்புறம் ஆயுத பூஜை. சந்தனம் குழைத்துக் குங்குமப் பொட்டு வைக்காமல் இருக்க மனசு வராது, நானும் வைக்கிறேன். ஆனால் ஈரச் சந்தனம் இரும்பில் ஒரு ராத்திரி இருந்தால் காலையில் அதே அளவுக்கு வட்டமாகத் துரு நிற்கும். எங்கள் குழலில் வலது பக்கம் ஐந்து வட்டம் இருக்கிறது, நகத்தால் தடவினால் பள்ளம் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு வருடத்துப் பூஜை. இப்போது பொட்டைக் கட்டையின் மரத்தில் வைக்கிறோம், தீபாராதனை முடிந்த கையோடு துடைத்து எண்ணெய் தடவி உள்ளே வைத்துவிடுகிறோம். நோம்பி (பண்டிகை) என்று வானத்தைப் பார்த்துச் சுடுவது இப்போது தனிக் குற்றம்: 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கரையானுக்குப் பெட்டி தரையை நேராகத் தொடாமல் ரப்பர் கட்டை மேல் நிற்கட்டும், பின்சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் கை போகும் இடைவெளி இருக்கட்டும். மண் கோடு ஏறினால் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஐந்தாம் படி: பாலிசி

இங்கேதான் பலரும் வழுக்குவது. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியைத் தர வேண்டும். நல்ல பாலிசி. தீ, மின்னல், வெள்ளம், புயல், நிலநடுக்கம், கலவரம் எல்லாம் அதில் அடங்கும். கட்டிடத்துக்கு எடுத்தாலே வீட்டுச் சாமானுக்குக் கட்டிடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகச் சேர்ந்துவிடும்.

ஆனால் திருட்டு? தீயோ வெள்ளமோ வந்து, அதன் விளைவாக 7 நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டும்தான் அதில் சேரும். சும்மா ஒரு ராத்திரி ஓட்டைப் பிரித்து இறங்கினால் அந்த பாலிசி பேசாது. துப்பாக்கிக்கு முதல் பயமே திருட்டுதான் என்பதால், தனியாகத் திருட்டு பாலிசியோ, ஹவுஸ்ஹோல்டர்ஸ் பேக்கேஜ் பாலிசியோ வேண்டும். அதே பாரத் கிருஹ ரக்ஷாவில் வெடிபொருள்கள், வெளிப்படையாக எழுதியிருந்தால் ஒழிய, சேராது என்ற வரியும் இருக்கிறது. தோட்டாக்களை இன்சூர் செய்யும் ஆசையை விட்டுவிடுங்கள்.

திருட்டு பாலிசியில் மூன்று இடத்தை விரல் வைத்துப் படியுங்கள். ஒன்று, பூட்டு உடைத்தோ சுவர் ஏறியோ பலவந்தமாக நுழைந்த அடையாளம் இருக்க வேண்டும் என்பது. திறந்த கதவு வழியாக வந்து எடுத்துப் போனால் சேராது. இரண்டு, வீட்டார் அல்லது வேலையாட்களின் கை இருந்தால் விலக்கு. மூன்று, வீடு தொடர்ந்து இத்தனை நாள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் விலக்கு. வாரம் ஒரு முறை மட்டும் தோட்டத்துக்குப் போகிறவர்கள் இந்த மூன்றாவதைக் கவனியுங்கள்.

என் பாலிசியைப் புதுப்பிக்க வந்த ஏஜென்ட் நல்ல பையன்தான். துப்பாக்கி என்றதும், "அதையெதுக்குங்க தனியா எழுதோணும்? வீட்டுச் சாமான்னு மொத்தமாப் போட்டுக்கலாங்க" என்றார். "தம்பி, நாளைக்கு நஷ்டத்தைக் கணக்குப் பார்க்க கம்பெனி சர்வேயர் வந்து கேட்டா நீங்க வந்து பேசுவீங்களா? கம்பெனி என்ன சொல்லுதோ அதை எழுத்துல வாங்கிக் குடுங்க" என்றேன். மூன்று வாரம் ஆயிற்று. இரண்டு கம்பெனி முடியாது என்றது. மூன்றாவது, உரிம நகல், கடைக்காரரின் மதிப்புக் கடிதம், தரையில் போல்ட் போட்ட பெட்டியின் படம் மூன்றையும் வாங்கிக்கொண்டு, நம்பரோடு அட்டவணையில் சேர்த்துக் கொடுத்தது. முடியாது என்ற இரண்டு பேருக்கும் எனக்குக் கோபம் இல்லை, முன்னாலேயே சொன்னார்களே. ஆபத்து, மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்வதில்தான் இருக்கிறது. சொல்ல வேண்டிய உண்மையைப் படிவத்தில் சொல்லாமல் விட்டால், பிரீமியம் கட்டிய வருடங்கள் எத்தனை ஆனாலும் பாலிசி செல்லாது என்று கம்பெனி நிற்கலாம்.

தொகையைக் குறைத்துப் போடாதீர்கள். உங்கள் சாமான் மதிப்பு 2 லட்சம், நீங்கள் போட்டது 1 லட்சம், திருடு போனது 50,000 என்று வைத்துக்கொள்வோம். திருட்டு பாலிசியில் சராசரிக் கணக்குப் போட்டு 25,000-தான் தருவார்கள், பாதிதானே இன்சூர் செய்தீர்கள் என்று. பழந்துப்பாக்கிக்கு முடிந்தால் ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற அடிப்படையில் கேளுங்கள். அப்படி எழுதியிருந்தால் பிறகு தேய்மானம் கழிக்கிற பேச்சு வராது.

பட்டறைக்கோ, ரைபிள் கிளப்புக்கோ கொண்டுபோகும்போது வழியில் நடப்பதற்கும் வேண்டுமென்றால் ஆல் ரிஸ்க் பிரிவைக் கேட்க வேண்டும். கடையில் பத்திரத்துக்குக் கொடுத்திருந்தால், அவர்கள் பாலிசியில் வாடிக்கையாளர் துப்பாக்கியும் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ஆளுக்குக் காயம் பட்டால் தரும் பொறுப்புக் காப்பீடு துப்பாக்கிக்குப் பொருந்துமா என்பதும் எழுத்தில் வர வேண்டிய பதில். அது பொருந்தினாலும் கிரிமினல் வழக்கை எந்த பாலிசியும் சுமக்காது. கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவில் 5 வருடம் வரை சிறை. காட்டுப்பன்றிப் பிரச்சனை நமக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும், என் மக்காச்சோளமும் போயிருக்கிறது. ஆனாலும் 2025-இல் அரசு வகுத்த நடைமுறையில்கூடக் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறையினர்தான் சுடலாம். நாமாகச் சுட்டால் வழக்கு, உரிமம், பாலிசி எல்லாம் ஒன்றாகப் போகும்.

ஆறாம் படி: தேர்தல் வந்தால்

தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒப்படைத்த நாளிலிருந்து துப்பாக்கி பாலிசி முகவரியில் இல்லை. அதனால் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், இன்ன தேதியிலிருந்து இன்ன ஸ்டேஷனில் இருக்கிறது என்று. ஒரு தேர்தலின்போது நான் அவசரத்தில் துடைக்காமல் கொடுத்துவிட்டேன். முடிவு வந்த பிறகு போய் வாங்கியபோது குழல் வாயில் செம்பழுப்பாகத் துரு படர்ந்திருந்தது. அங்கே மூலையில் சாக்கு மேல் இருபது துப்பாக்கி அடுக்கியிருந்தார்கள், யாரைச் சொல்வது. இப்போது குழலுக்கு உள்ளும் வெளியும் கெட்டியாக எண்ணெய் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றி, வரிசை எண்ணும் நிலையும் எழுதிய ரசீது வாங்காமல் திரும்புவதில்லை. தோட்டா எத்தனை என்பதும் அந்த ரசீதில் இருக்கட்டும்.

ஏழாம் படி: காணாமல் போனால்

எதையும் தொடாதீர்கள். 112-க்குப் போன். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் வந்தது என்பதற்கான சீட்டு) அனுப்பப் பார்ப்பார்கள். துப்பாக்கித் திருட்டுக்கு அது போதாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும், அதில் வரிசை எண் உங்கள் நோட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். அன்றைக்கே உரிமம் தந்த அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மாவட்டத்தில் கலெக்டர், கோவை, திருப்பூர், சேலம் மாநகர எல்லைக்குள் போலீஸ் கமிஷனர். நாள் தள்ளினால், அந்தத் துப்பாக்கி நடுவில் எங்காவது பயன்பட்டிருந்தால், விசாரணை முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

கம்பெனிக்கு அதே நாளில் தகவல். சர்வேயர் வரும்போது உடைந்த பூட்டு, படங்கள், மதிப்புக் கடிதம், உரிமம் எல்லாம் ஒரே ஃபைலில் கொடுங்கள். பிறகு போலீஸிடம் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று கேட்பார்கள், அதற்கு மாதங்கள் ஆகும். பொறுமையாக நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பணம் வாங்கிய பிறகு துப்பாக்கி கிடைத்தால் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். பணம் கைக்கு வந்ததும் இன்னொன்று வாங்கிவிடவும் முடியாது, உரிமத்தில் அதற்கான அனுமதி எழுதி வாங்கிய பிறகுதான்.

க்ளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி, அடுத்து இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா என்ற புகார் இணையதளம், அதற்கும் மேல் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைகேட்பு அதிகாரி. 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகளை அங்கே விசாரிப்பார்கள். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

எட்டாம் படி: நமக்குப் பிறகு

ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதி கொல்லப்பட்டது 2025 மே மாதத் தொடக்கத்தில் தெரிய வந்த பிறகு, எங்கள் பக்கம் பல வீடுகளில் துப்பாக்கியைப் பற்றிய பேச்சு மறுபடி எழுந்தது. பயம் நியாயமானது. ஆனால் உரிமக்காரர் படுக்கையில் விழுந்துவிட்டாலோ இறந்துவிட்டாலோ, மிச்சம் இருப்பவர்கள் அந்தத் துப்பாக்கியைத் தொடவே உரிமை இல்லாதவர்கள் என்பதை யாரும் யோசிப்பதில்லை. உரிமக்காரர் இறந்த நாளிலிருந்து அது தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைக்க வேண்டிய பொருள். வாரிசு பெயரில் உரிமம் வந்த பிறகுதான் திரும்ப வாங்க முடியும். பாலிசியும் இறந்தவர் பெயரில் நிற்கக் கூடாது. அதனால் உரிமக்காரருக்கு 70 வயது ஆனாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக் கேட்கலாம். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் வேண்டும், எல்லோரும் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே அதை வாங்கிவிடுவது நல்லது.

என் மனைவியிடம் ஒரு பழுப்புக் கவர் கொடுத்திருக்கிறேன். உள்ளே உரிம நகல், பாலிசியின் முதல் பக்கம், கடைக்காரர் போன் நம்பர், ஸ்டேஷன் நம்பர், ஒரு தாளில் ஐந்து வரி. முதல் வரி: "பெட்டியைத் திறக்க வேண்டாம். ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி, வந்து எடுத்துக்கொள்ளச் சொல், ரசீது வாங்கு."